பத்தொன்பதாவது மாடிக்குப் போன பிரெட்

கடைக்காரம்மாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும். கட்டின புருஷனே நாலு பேர் முன்னால் "கடைக்காரம்மா, இந்த பில்லைப் பாரு" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. கடை இருக்கிறவரை தனக்கு ஒரு பெயர் இருக்கிறது. கடை போனால் தான் யார் என்று தனக்கே தெரியாது. பாம்பு, பேய், நோய் எதற்கும் அஞ்சாதவளுக்கு வாழ்க்கையில் இருந்த பயம் அது ஒன்றுதான்.

அந்தப் பயம் ஒரு நாள் பைலைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்தது. நகரத்தின் நடுவில் இருந்த அவர்கள் தெருவை மொத்தமாக இடித்து முப்பத்திரண்டு மாடிக்கு வீடு கட்டப்போகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து நின்றார். தெருவில் பதினேழு கடைகள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இவள் மட்டும் அசையவில்லை. பணம் வேண்டாம், அத்தனை பேர் குடியிருக்கிற இடத்தில் மளிகைக் கடை இல்லாமலா இருக்கும், கீழ்த்தளத்தில் அந்த இடத்தை எனக்கு லீஸுக்கு விடுவதாக எழுதிக் கொடுங்கள் என்று பிடித்த பிடியில் நின்றாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஏழு மாதம் நடையாய் நடந்ததில் கம்பெனி நகர்ந்தது. கட்டி முடிகிற மூன்று வருஷமும் மார்க்கெட் மூலையில் ஒரு பெட்டிக்கடைக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்து காத்திருந்தாள்.

அவளைப் போலவே நகராமல் நின்ற இன்னொரு ஆள் பிரேக் வாத்தியார். பக்கத்துக் கட்டடத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பழக வந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது. ஸ்கூலுக்கு மேலே ஒரு அறை, அது அவருடைய சொந்த அறை. அதற்குப் பதிலாகப் புதுக் கட்டடத்தில் பத்தொன்பதாவது மாடியில் ஒற்றை அறை வீடு ஒன்று கொடுத்தார்கள். மனுஷன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பக்கத்து சீட்டுலயே உக்காந்து பழகிட்டேன், ஸ்டியரிங்கை யாரு பிடிக்கிறது?" என்பார். கூடப் பிறந்தவர்கள் என்றும் யாரும் வந்து பார்த்ததில்லை.

அவருக்கும் கடைக்காரம்மாவுக்கும் இருபத்திரண்டு வருஷமாகக் கீரிக்கும் பாம்புக்கும் உள்ள உறவு. தினமும் காலை ஆறே முக்காலுக்கு வருவார். பிரெட் பாக்கெட்டை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்குவார்.

"இது நேத்து பிரெட்டா, போன வாரத்து பிரெட்டா?"

"உங்ககிட்ட கார் ஓட்டப் பழகினவன் எவனாவது உயிரோட இருக்கானா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"செங்கல்லை பிரெட்னு விக்கிற வாய்தானே இது."

"வாங்கித் தின்னுட்டு தினமும் வந்து நிக்கிறீங்களே, உங்களை எதால அடிக்கிறது?"

புதிதாகக் கேட்பவர்கள் கைகலப்பு வரப்போகிறது என்று ஒதுங்கி நிற்பார்கள். ஆனால் ஏழரை ஆகியும் மனுஷன் வராவிட்டால் அவளுக்கு வியாபாரம் ஓடாது. "போய் அந்த ஆளு இருக்காரா செத்தாரான்னு பாத்துட்டு வாங்க" என்று புருஷனை விரட்டுவாள். ஒரு முறை அப்படிப் போய்ப் பார்த்தபோதுதான் விஷக் காய்ச்சலில் பேச்சில்லாமல் கிடந்தார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தேறி வந்த அன்றைக்கே பிரெட்டை அமுக்கிப் பார்த்து, "நான் இல்லாத நேரத்துல எல்லாப் பழசையும் தள்ளிவிட்டுட்டே போலிருக்கு" என்றார். நன்றி என்ற சொல்லை இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

புதுக் கட்டடத்தின் மேனேஜர் முப்பது வயதுப் பெண். கெட்டவள் என்று சொல்ல முடியாது, சிரித்த முகம். அக்ரிமென்ட் நாற்பத்தொரு பக்கம் இருந்தது. கடைக்காரம்மா அதுவரை படித்ததிலேயே நீளமான எழுத்து டாக்டரின் மருந்துச் சீட்டுதான், அதையும் புரிந்து படித்ததில்லை. மேனேஜரே முக்கியமானதை எடுத்துச் சொன்னாள். முதல் வருஷம் சோதனை. குடியிருப்பவர்களிடமிருந்து மூன்று புகார் வந்தாலோ, விதி ஏதாவது மீறினாலோ அதோடு இடத்தைக் காலி செய்ய வேண்டியது. குறையில்லாமல் முடிந்தால் பத்து வருஷ லீஸ். கடை காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை, வருஷம் முழுக்க ஒரு நாள்கூட மூடக்கூடாது. கடையைச் சேர்ந்தவர்கள் குடியிருப்பு மாடிகளில் கால் வைக்கக்கூடாது.

"மாடிக்குப் போகாம சாமானை எப்படி மேடம் குடுக்கிறது?"

"அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம் அக்கா. ஆர்டர் போன்ல வரும். பையைக் கட்டி, வீட்டு நம்பர் போட்டு, பின்னாடி ரூம்ல வெச்சிருங்க. எங்க ஆளுங்க கொண்டுபோய்க் கதவு பக்கத்துல இருக்கிற கொக்கியில மாட்டிருவாங்க. யாரும் யாரையும் பாக்க வேண்டியதே இல்ல."

அதை ஒரு வசதி போலச் சொன்னாள். கேட்டவளுக்கும் வசதி போலத்தான் பட்டது. முப்பத்திரண்டு மாடி, மாடிக்கு ஒன்பது கதவு என்று மனக்கணக்குப் போட்டு, கையெழுத்துப் போட்டாள். கதவை எண்ணினாளே தவிர வயிற்றை எண்ணவில்லை. வாங்கிப் பூட்டிப் போட்டுவிட்டு வேறு ஊரில் இருக்கிற ஆட்கள்தான் பாதிப் பேர் என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. மிச்சமிருந்த பாதியை வைத்துக் கடை ஓடவேண்டும், ஓடியது.

புருஷனுக்கு இடது கால் சரியில்லை. ஒரு குடோனில் இருபது வருஷம் மூட்டை கட்டினவர். அவர்தான் பைகளைக் கட்டுவார். நீலப் பை, வாயைச் சுருக்கி இரண்டு கண் வைத்து ஒரு முடிச்சு. தானாக அவிழாது, அவிழ்த்தால் மறுபடி அதே மாதிரி யாராலும் போட முடியாது. "பூட்டுக்குச் சாவி உண்டு, என் முடிச்சுக்கு உண்டா?" என்று அவருக்குப் பெருமை வேறு. காலையில் போகிற பைகளில் எடுக்காமல் கொக்கியிலேயே தொங்குபவை பன்னிரண்டு மணிக்குக் கடைக்குத் திரும்பிவிடும். கடைக்காரம்மா அதை வைத்தே மேலே நடப்பதைத் தெரிந்துகொண்டாள். பை திரும்பினால் அந்த வீட்டில் ஆள் இல்லை. திரும்பாவிட்டால் ஆள் இருக்கிறது, சாப்பிடுகிறது. முகம் பார்க்காமல் வியாபாரம் செய்கிறவளுக்கு அவ்வளவாவது தெரிந்ததே என்று இருந்தது.

வாத்தியார் மட்டும் போனைத் தொடமாட்டார். தினமும் லிஃப்டில் இறங்கி நேரில் வந்தார். அதே நேரம், அதே கட்டைவிரல், அதே சண்டை. தெருவாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கே காலையில் ஓடிவிட்டு வந்து தண்ணீர் பாட்டில் வாங்குகிற புது மனிதர்கள் காதிலிருந்து பாட்டு ஒயரைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த பிரெட்டை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

ஏற்கெனவே இரண்டு புகார் ஆகிவிட்டிருந்தது. ஒரு வீட்டு மாவில் வண்டு. இன்னொன்று, கடை வாசலில் வெங்காய வாடை. வெங்காயத்துக்கு வாடை இருக்கக்கூடாது என்று எதிர்பார்க்கிறவர்களை என்ன செய்வது? எட்டாவது மாதம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "ஒரு பெரியவர் தினமும் கடையில நின்னு பிரெட் பழசுன்னு சத்தம் போடுறாராமே அக்கா? அதைக் கேட்டுட்டு யாராவது எழுதிப் போட்டாங்கன்னா மூணாவது ஆயிரும். அப்புறம் என் கையில இல்ல" என்றாள்.

மறுநாள் காலையில் கடைக்காரம்மா முன்கூட்டியே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"வாத்தியாரே, எதுக்கு இந்த வயசுல தினமும் இறங்கி ஏறுறீங்க? உங்க போனைக் குடுங்க. நானே ஆர்டர் போட்டு வெச்சிடுறேன். ஒரு பிரெட், அரை லிட்டர் பால், மூணு நாளைக்கு ஒருக்கா முட்டை. மேலயே வந்துரும். முட்டி வலின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"லிஃப்ட்ல வர்றதுக்கு முட்டி எதுக்கும்மா?"

வாய்க்கு வாய் கொடுக்கிறவள் பேசாமல் நின்றதைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். தண்ணீர் பாட்டில்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சரி. கடை நிக்கணும். அதுதான் முக்கியம். போட்டுக் குடு."

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. ஆனாலும் அடுத்த நாள் ஆறே முக்காலுக்குக் கடை அமைதியாக இருந்தபோது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக மனுஷன் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனில் கூப்பிடுவார். "அமுக்கிப் பாத்தேன். செங்கல்." டக்கென்று வைத்துவிடுவார். போன் வந்தால் போதும், கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே புருஷனிடம் சொல்வாள். இப்படி மூன்று மாதம் ஓடியது. வருஷம் முடியப்போனது. பத்து வருஷ லீஸில் கையெழுத்துப் போட ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று நாள் குறித்துவிட்டார்கள்.

அதற்கு முந்தின வாரம் புதன்கிழமை வந்த போன்தான் கடைசி. சனிக்கிழமை பை கட்டிக்கொண்டிருந்த புருஷன் கையை நிறுத்தினார்.

"வாத்தியார்கிட்டேயிருந்து போனே வரலையே. மூணு நாளாச்சு."

"பிரெட் நல்லா இருந்திருக்கும்."

"நம்ம பிரெட்டா? விளையாடாதே. ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வந்துரு."

"மேல போகக்கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு? அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து. கரை வந்து சேர்ற நேரத்துல ஓடத்துல ஓட்டை போடச் சொல்றீங்க."

"அப்ப நான் போறேன்."

"நீங்க யாரு, கடையைச் சேர்ந்தவர் இல்லையா? பை திரும்பி வந்துச்சா? வரலை. எடுத்துச் சாப்பிடுறார்னுதானே அர்த்தம்? கோவமா இருப்பார். வெள்ளிக்கிழமை முடியட்டும், நானே போய்க் கால்ல விழறேன்."

நெஞ்சு கேட்காமல் லாபியில் இருந்த செக்யூரிட்டியிடம் மட்டும் கேட்டாள். "இன்டர்காம்ல அடிச்சேன் அக்கா, எடுக்கல. வெளியில போயிருப்பாரு. பை மாட்டினா காலியாயிடுது, நானே பாத்தேன்" என்றார் அவர். போதும் என்று இருந்தது. மனசு எதைக் கேட்க விரும்புகிறதோ அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் காது மூடிக்கொள்கிறது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, அட்டைப்பெட்டிகளைப் போடக் கடைக்காரம்மா பின்பக்கக் குப்பை அறைக்குப் போனாள். துப்புரவு வேலை பார்க்கிற புதுப் பெண் பெரிய டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து நீலப் பை ஒன்று உருண்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் கட்டினது கட்டினபடி, புருஷனுடைய முடிச்சு அவிழாமல் இருந்தது. உள்ளே பால் பாக்கெட் பந்தாக உப்பியிருந்தது. சீட்டில் 1904 என்று வாத்தியார் வீட்டு நம்பர், அவளுடைய கையெழுத்து.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"பன்னெண்டு மணிக்கு மேல கொக்கியில தொங்கினா குப்பைனு சொல்லியிருக்காங்க."

"கடைக்குத்தானே திரும்பி வரும்?"

"அது பழைய கான்ட்ராக்ட் அக்கா. நாங்க வந்து ரெண்டு வாரமாச்சு. எங்ககிட்ட திருப்பிக் குடுன்னு யாரும் சொல்லலையே."

அவளிடமும் யாரும் சொல்லவில்லை. பை திரும்பாவிட்டால் ஆள் இருக்கிறது என்று அவள் தன் பாட்டுக்கு வைத்திருந்த கணக்கு, இரண்டு வாரமாகப் பொய்க் கணக்கு. கையில் இருந்த அட்டையைப் போட்டுவிட்டுச் சாமான் லிஃப்டுக்கு ஓடினாள். பதினொரு மணி என்பது ஞாபகம் வராமல் இல்லை, வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது வந்தது. அப்போதாவது கால் நிற்கவில்லையே என்று பின்னால் தன்னைத் தேற்றிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

பத்தொன்பதாவது மாடியை அவள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள். சத்தம் எழும்பாத தரைவிரிப்பு, ஒரே மாதிரி கதவுகள். நடையில் வாசனை மருந்து தூக்கலாக அடித்திருந்தது. 1903-ம் 1905-ம் வாங்கிப் பூட்டின வீடுகள், வாசலில் கதவு வந்தபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. 1904-ன் கொக்கியில் அன்றைய பை தொங்கியது. "வாத்தியாரே" என்று தட்டினாள். பிறகு கையால் அடித்தாள். கதவின் அடி இடுக்கு வழியாக வாசனை மருந்துக்கும் அடங்காத நாற்றம் வந்தது. கடையில் எலி செத்தால் எந்த மூட்டைக்கு அடியில் என்று சொல்லக்கூடியவள் அவள். அதற்கு மேல் தட்டாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் போனில் கூப்பிட்டதும் செக்யூரிட்டி மாற்றுச் சாவியோடு வந்து திறந்தார். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார் வாத்தியார். போன் கட்டில்மேல் சார்ஜில் இருந்தது, ஏழெட்டு அடி தூரம். கட்டிலை நோக்கிக் கை நீட்டின வாக்கில் கிடந்தார். பார்த்த செக்யூரிட்டி, அவ்வளவு பெரிய ஆம்பிளை, வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்ததோடு சரி.

மேனேஜர் பத்து மணிக்கு வந்தாள். கடைக்காரம்மாவைத் தன் அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாருமில்லாதபோதும் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, நீங்க மாடிக்குப் போனது ரிப்போர்ட்ல வந்தா ஹெட் ஆபீஸ் பாக்கும். என்ன காரணம்னு பாக்க மாட்டாங்க, விதி மீறல்னு போட்டு நிறுத்திருவாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள் வேற. செக்யூரிட்டிதான் ரவுண்ட்ஸ் போகும்போது கண்டுபிடிச்சார்னு எழுதிடுறேன். அவரும் சரின்னுட்டார். நீங்க அங்க வரவே இல்ல. சரியா?"

உதவி செய்கிறவளின் முகம்தான் அது. கடைக்காரம்மா சரி என்று தலையாட்டினாள்.

போலீஸ்காரர் லாபியில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கூட வந்த டாக்டர், இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது, விழுந்து எட்டு நாள் இருக்கும், உடனே போன உயிர் இல்லை, இரண்டு மூன்று நாள் இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது கடைவரை கேட்டது. கடைக்காரம்மா விரல் விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி. சனிக்கிழமை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று புருஷன் சொன்ன சனிக்கிழமை.

போலீஸ்காரர் கடைக்குள் வந்தார்.

"இந்த பில்டிங்ல அவரைத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையாம். உங்க கடை சாமான் தினமும் போயிருக்கு. உங்களுக்குப் பழக்கமா?"

பழக்கம்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். எவ்வளவு நாளாக, கடைசியாக எப்போது பேசினீர்கள், எட்டு நாளாகத் தேடவில்லையா, போய்ப் பார்க்கவில்லையா? ஒரு நூலை இழுத்தால் பத்தொன்பதாவது மாடிவரை அவிழ்ந்துகொண்டு போகும். மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஸ்டமர். போன்ல ஆர்டர் வரும், குடுத்தனுப்புவோம். அவ்வளவுதான்."

"சொந்தக்காரங்க யாராவது?"

"தெரியாதுங்க."

பை கட்டிக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்து பார்த்தார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு இருந்த கையெழுத்து நாலு மணிக்குத் தள்ளிப்போனது. நாற்பத்தொரு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். மேனேஜர் பைலைப் பார்த்துக்கொண்டே, "உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல அக்கா. அவர் விழுந்து கிடந்த எட்டு நாளும் கரெக்டா டெலிவரி ஆயிருக்குன்னு ரெக்கார்ட் சொல்லுது. ஹெட் ஆபீஸ்ல பாராட்டியே எழுதியிருக்காங்க" என்றாள். ஆறுதலுக்காகச் சொன்னாள், பாவம். கடைக்காரம்மா பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மிச்சப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குப் போனதும் புருஷன் கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷம். தெரியாதுன்னுட்டியே?"

"தெரியும்னு சொன்னா எழுந்து வந்திருப்பாரா?"

"எழுந்து வரமாட்டார். நாம போய் வாங்கி அடக்கம் பண்ணியிருக்கலாம்."

"இப்பப் போய் நின்னா என்னன்னு சொல்லிக் கேப்பீங்க? கேட்டா எழுதுவாங்க. எழுதினா இங்க வரும்."

"எனக்கு வரட்டும்."

"உங்களுக்கு வந்தா எனக்கு வந்த மாதிரி இல்லையா?" என்று கத்தினாள். கத்தியதில் குரல் உடைந்து அழுதாள். அவர் சமாதானம் செய்யவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அவர் பக்கத்தில் வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய நாட்கள் வைத்திருந்தார்கள். யாரும் கேட்டு வரவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி வண்டியில் எடுத்துப்போகிறார்கள் என்று செக்யூரிட்டி விசாரித்து வந்து சொன்னார். கடையை ஒரு நாள்கூட மூடக்கூடாது. புருஷன் இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"நான் போயிட்டு வரேன். வேடிக்கை பாக்க வந்தவன்னு சொல்லிக்கிறேன், போதுமா?"

அவள் தடுக்கவில்லை. அவர் காலை இழுத்து இழுத்து லாபியைத் தாண்டி ரோட்டில் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் போகவேண்டும் என்று உடம்பு முழுக்க இருந்தது. ஷட்டரை இழுத்துவிட்டுப் போனால் என்ன ஆகிவிடும் என்றுகூட நினைத்தாள். அதற்குள் ஒருவர் வந்து தண்ணீர் பாட்டில் கேட்டார், எடுத்துக் கொடுத்தாள்.

பன்னிரண்டரை மணிக்குப் புருஷன் திரும்பி வந்தார். செருப்பில் மண் இருந்தது. கடை நடுவில் ஒரு பெண் உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேர் வந்திருந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் கடைக்காரம்மா.

"வண்டி ஓட்டினவர், குழி தோண்டின ரெண்டு பேர், நான்."

"உங்களை யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஒரு ஃபாரம் வெச்சிருந்தாங்க, வந்தவங்க என்ன உறவுன்னு எழுதணுமாம். பழைய தெருக்காரன்னு சொன்னேன். அதெல்லாம் உறவுல வராது, சொந்தமா இல்லையான்னு கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன். இல்லைன்னு போட்டுக்கிட்டார்."

அவர் கைகழுவப் பின்னால் போனார். உருளைக்கிழங்குக்காரப் பெண் கூடையைக் கொண்டுவந்து தராசில் வைத்தாள். கடைக்காரம்மாவுக்கு எடை எண்கள் கண்ணில் சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்தப் பெண், இந்தக் கடை இங்கேயே இருக்குமா, எடுத்துவிடுவார்களா என்று கேட்டாள்.

"இருக்கும்மா," என்றாள் கடைக்காரம்மா, "இன்னும் பத்து வருஷம் இருக்கு."